தீவனமில்லா மாதிரிக் குளம்

மேடையிலிருந்து "சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கைதட்டிவிட்டு, கொடுக்கிற பிஸ்கட் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும். பாபநாசம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். இருபத்துநாலு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு முழங்கால் வலியோடு திரும்பி வந்த முகம்மது யூசுப்புக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

கூட்டம் நடத்தியது தாவரவழி மீனூட்ட உயராய்வு நிலையம். தஞ்சாவூர் புறவழிச்சாலையைத் தாண்டி மூன்று மாடியில் நிற்கிறது. கருவாட்டுத்தூளும் கோழிக் கழிவும் இல்லாமல், இலை தழை புண்ணாக்கு என்று நிலத்தில் விளைகிறதை வைத்தே வளர்ப்பு மீனுக்குத் தீவனம் செய்ய முடியுமா என்று பன்னிரண்டு வருடமாக அங்கே ஆராய்கிறார்கள். இயக்குநர் முனைவர் வைத்தியலிங்கம் அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்.

"நாற்பத்திரண்டு கருத்தரங்கு நடத்தியிருக்கோம். பதினொரு நாட்டுக்குப் போயிட்டு வந்திருக்கோம். பெருமையாச் சொல்றேன், எங்க தீவனத்தால இன்னிக்கு வரைக்கும் ஒரு மீன்கூட செத்ததில்ல. இனிமேலும் சாகாது. மீன் வாங்கற கோப்பு இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

யூசுப் எழுந்துவிட்டார்.

"சந்தேகம் இல்லீங்க. எங்க வீட்டுக் குட்டையில மூணு வருஷமா இலை தழைதான் போடறோம். தவிடு, கடலைப் புண்ணாக்கு, காய வச்ச முருங்கைக்கீரை, கொஞ்சம் மஞ்சள், ரெண்டு பல்லு பூண்டு. எங்க வீட்ல பிசைஞ்சு போடுவாங்க. மீன் நல்லா இருக்குங்க."

இயக்குநர் தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்தவர் யூசுப்பின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தவர் யூசுப்பிடம் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி கமருன்னிஸா இதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஏங்க எந்திரிச்சீங்க?"

"கேக்கலாம்னு சொன்னாங்க கமரு."

"சொல்லுவாங்க. சாப்பிட்டுப் போங்கன்னு எல்லார் வீட்டுலயும்தான் சொல்லுவாங்க. உக்காந்துடுவீங்களா?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் பக்கத்து ஊரில் தடை செய்த கெளுத்தி வளர்த்தார்கள் என்று வேறு ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூட்டை மூட்டையாகக் குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். மறுநாள் கமருன்னிஸா அந்த வழியாகப் போனார். தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை வெள்ளை வயிறுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய குட்டையில் எண்ணூறு மீன். கட்லாவும் ரோகுவும் புல்கெண்டையும். கோழிக் கழிவு படாத மீன் என்பதால் ஜமாத்தில் எல்லோரும் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். குட்டைக்குள் மூங்கில் கழி நட்டு, ஓட்டை போட்ட சாக்கில் தீவனத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மீன்கள் வந்து சாக்கை முட்டும். முட்ட முட்டத் தீவனம் கசியும். சாக்கு ஆடுகிறதைப் பார்த்துக்கொண்டே அவர் தஸ்பீஹ் ஓதி முடிப்பார்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. அதிலிருந்து தமிழரசன் என்பவர் இறங்கினார். நாற்பத்தைந்து வயது. நிலையத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிகம். கையில் ஓர் ஆணை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கட்டி அரக்கு.

ஆணையில் இருந்தது இவ்வளவுதான்: மேற்படி குட்டையில் தகுதி நிரூபிக்கப்படாத தாவரப் பொருள்கள் மீன்களுக்கு ஊட்டப்படுவதாகத் தெரியவருகிறது. அவை தீவனம்தான் என்று நிலையம் உறுதி செய்யும்வரை மீன்கள் எதையும் உண்ணாமல் நடுநிலையில் இருக்க வேண்டும். மீறினால் குட்டை வேதிமுறையில் தூய்மை செய்யப்படும்.

"வேதிமுறைன்னா என்னங்க தம்பி?"

தமிழரசன் குனிந்துகொண்டு சொன்னார். "பிளீச்சிங் பவுடர், அக்கா."

பிறகு அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சாக்குகளில் மிச்சமிருந்த தீவனத்தைக் கரையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்குகளின் வாயை ஒவ்வொன்றாகக் கட்டி அரக்கு வைத்தார். முத்திரை குத்தும்போதே மீன்கள் வந்து சாக்கை முட்டின. கமருன்னிஸா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே அவர் தஞ்சாவூர் போனார். நிலையத்தின் வாசலில் ஊதா நிறத் தண்ணீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து மீன்களுக்கு நோய் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே போகிற எல்லோரும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நனைத்தார். உள்ளே பதினெட்டுத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஒன்றில் ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். கணுக்கால் வரைக்கும் ஊதாவாக அவர் மூன்று மாடி ஏறினார்.

நாற்பத்தொரு கட்டம் உள்ள படிவம் கொடுத்தார்கள். பத்தொன்பதாவது கட்டம்: முருங்கை மரத்தின் தாய் மரம் பற்றிய விவரம்.

"கொம்பு வச்சு நட்டதுங்க" என்றார் கமருன்னிஸா.

"யார் வீட்டுக் கொம்பு?"

"அதிராம்பட்டினத்துல எங்க சம்பந்தி வீட்டுது."

"அப்ப அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் வாங்கிட்டு வாங்க."

கல்யாணத்தில் பிரியாணிக்குக் கறி குறைந்தது என்று ஆறு வருடமாகப் பேசாத சம்பந்தி. கமருன்னிஸா போய் நின்றார். சம்பந்தியம்மாள் அவர் காலைப் பார்த்துவிட்டு, "என்ன நோவு இது?" என்று கேட்டார். பிறகு மூன்று மணி நேரம் பழைய கதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுக் கடிதம் கொடுத்தார். மரத்தின் மீது ஆட்சேபணை இல்லை, மற்றவை பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது.

கடிதத்தோடு தீவனத்திலும் ஓர் உருண்டை கேட்டார்கள். நிலையத்தில் மீன் இல்லாததால் சுவை ஏற்புக் குழு என்று ஐந்து அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள்தான் தின்று பார்ப்பார்கள். ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். இரண்டு பேர் இன்னொரு உருண்டை கேட்டார்கள். கடைசியில், உப்புக் குறைவு, மறுபரிசீலனைக்கு உரியது என்று எழுதிவிட்டார்கள்.

"மீனுக்கு உப்பு போட்டா ஆகாதுங்களே" என்றார் கமருன்னிஸா.

"குழுவோட முடிவும்மா. குழுவுல மீன் இல்ல" என்றார் இயக்குநர்.

"அப்ப எப்பங்கய்யா தீவனம் போடலாம்? வயிறு ஒட்டிடுமே."

"ஆய்வு நாள் அறிவிப்போம்."

எப்போது அறிவிப்பார்கள் என்பதைப் பிறகு அறிவிப்பார்களாம்.

தமிழரசனைக் குட்டைக் கரையிலேயே காவல் போட்டுவிட்டார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். மணிக்கொரு தரம் காலிச் சாக்கைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நோட்டில், மீன்கள் நடுநிலையில் உள்ளன என்று எழுத வேண்டும்.

பட்டினியின் நான்காம் நாள் புல்கெண்டைகள் கரையோரம் வந்து யூசுப்பின் வேட்டி முனையைக் கடித்தன. ஐந்தாம் நாள் கமருன்னிஸாவின் கொலுசுச் சத்தம் கேட்டாலே குட்டை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் கொலுசைக் கழற்றி வைத்தார். அப்படியும் வந்தன. எண்ணூறு வாயும் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடின. காவல்காரர் பார்த்துவிடப் போகிறாரே என்று இவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். "போங்க, அந்தப் பக்கம் போங்க" என்று மெல்லத் திட்டுவார். மீன் போகுமா?

ஆறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் இருந்ததிலேயே கெட்டியான ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கமருன்னிஸா குட்டைக்கு வந்தார். நாலாக மடித்த ஜமுக்காளத்துக்குள் ஐந்து கிலோ பிசைந்த தீவனம் இருந்தது. முழங்கால் ஆழத்தில் இறங்கித் துவைக்கிற கல்லில் ஓர் அடி அடித்தார். தண்ணீர் கொதிப்பது போல ஆயிற்று. ஜமுக்காளம் இரண்டு தரம் கைநழுவியது. யா அல்லாஹ், இந்த ஆளைக் கொஞ்ச நேரம் தூங்க வையேன் என்று வேண்டிக்கொண்டார்.

தமிழரசன் தூங்கவில்லை. வாட்சைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், எழுதினார். அவர் சோறு தின்னப் போன நேரத்தில் கமருன்னிஸா நோட்டை எட்டிப் பார்த்தார். "பகல் 12: நீர்ப்பரப்பில் அசைவு. காரணம்: காற்று" என்று எழுதியிருந்தது.

அப்படியே தினமும் ஒரு ஜமுக்காளம் ஆயிற்று. ஜமுக்காளத்தில் கோடு போய், பூ போய், கடைசியில் நூல்தான் மிச்சம். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கமருன்னிஸா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவார். பால்காரர் வண்டிக்கும் ஓடினார். கனவிலெல்லாம் வெள்ளைத் தூள்தான் கொட்டியது. யூசுப் இனி வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் எழுந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். தொழுகையில்கூட எழுந்து நிற்க யோசித்தார்.

இருபத்தாறாவது நாள் ஆய்வு. மூன்று ஜீப், ஷாமியானா, மைக் செட், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு நிலையத்தின் ஆட்கள் குட்டையின் நடுவே கரைக்குக் கரை ஒரு கயிறு கட்டினார்கள்.

"கயிறுக்கு அந்தப் பக்கம் இருக்கற மீன்களுக்கு நம்ம தீவனம். இந்தப் பக்கம் இருக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. இதுக்குப் பேரு அறிவியல்" என்று மைக்கில் சொன்னார் இயக்குநர்.

"மீன் அடியில பூந்து வந்துடாதுங்களா?" என்று யூசுப் வாயைத் திறந்தார். கமருன்னிஸா அவர் முழங்காலில் ஓர் இடி இடித்தார்.

"நைலான் கயிறுங்க. ஏழு வருஷம் உழைக்கும்" என்றார் இயக்குநர்.

நிலையத்தின் தீவனத்தைப் போட்டார்கள். பன்னிரண்டு வருட ஆராய்ச்சி தண்ணீரில் மிதந்தது. ஒரு மீன் வரவில்லை. அத்தனையும் கயிற்றுக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம், கமருன்னிஸா நின்ற கரையோரம் வந்து வாயைப் பிளந்தன. அவர் நாலு அடி தள்ளி நின்றார். மீனும் நாலு அடி தள்ளி வந்தது. அவர் முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். மீன்கள் மரத்துக்கு நேராக வந்து காத்திருந்தன. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

இயக்குநர் மைக்கைக் கீழே வைத்தார்.

"ஏம்மா மீனெல்லாம் உங்க பின்னாலயே வருது?"

"தெரியலங்கய்யா" என்றார் கமருன்னிஸா. பல் கிட்டியதில் அது பாதிதான் வெளியே வந்தது.

வலை வீசிப் பிடித்து எடை போட்டார்கள். வயிறு ஒட்டியிருக்க வேண்டிய மீன் கொழுத்திருந்தது. இருபத்தாறு நாள் பட்டினி கிடந்த மீன் ஒவ்வொன்றும், அரக்கு வைத்த அன்று போட்ட எடையைவிடக் கால் கிலோ கூடியிருந்தது. கமருன்னிஸா கலிமாவை மனத்துக்குள் சொல்லத் தொடங்கினார். தமிழரசன் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

இயக்குநர் நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் மீன்கள் நடுநிலையில் இருந்தன. அவர் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது. அடுத்த மாதம் டெல்லியிலிருந்து மேலாய்வுக் குழு வருகிறது. இத்தனை வருடத்தில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கப் போகிறது. அந்தப் பயத்தில் அவருக்கும் ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை என்பது ஓட்டுநர் முதல் எல்லோருக்கும் தெரியும். அவர் மைக்கை எடுத்தார்.

"தீவனம் போட்டா மீன் வளரும்னு யாரு வேணாச் சொல்லுவாங்க. அது பழக்கம். போடாம வளருதுன்னா அதுதான் ஆராய்ச்சி! பன்னெண்டு வருஷமா நிலையம் ஒரு தீவனமும் கண்டுபிடிக்கலன்னு வெளியில பேசறாங்க. ஏன் கண்டுபிடிக்கல? தீவனமே தேவையில்லன்னு கண்டுபிடிச்சிட்டு இருந்தோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சுவை ஏற்புக் குழு எழுந்து நின்று தட்டியது. குட்டைக் கரையில் பலகை நட்டார்கள்: தீவனமில்லா மாதிரிக் குளம்.

பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரிக்காமலே ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் மறைகிற வரைக்கும் கமருன்னிஸா அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அழுதார்.

மறு வாரம் சுற்றறிக்கை வந்தது. வட்டாரத்தில் உள்ள எல்லா மீன் குட்டைகளிலும் தீவனச் சாக்குகளை அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். மாதிரிக் குளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பஸ்ஸில் அறுபது பேரை அழைத்து வந்துவிட்டார்கள். கமருன்னிஸாவின் கையில் மைக்கைக் கொடுத்தார் இயக்குநர்.

"ஒண்ணுமே போடாம எப்படி வளத்தீங்க? இவங்களுக்குச் சொல்லுங்கம்மா."

அறுபது முகத்தையும் கமருன்னிஸா பார்த்தார். எல்லா முகத்திலும் தன்னுடைய பயம்தான் இருந்தது. போட்டேன் என்று சொன்னால் அந்த மூட்டை திரும்பி வரும். போடவில்லை என்று சொன்னால் இந்த அறுபது குட்டையும் பட்டினி. ஒலிபெருக்கியில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்... நான் ஒண்ணும் போடலங்க. தினம் பகல் பன்னெண்டுக்கு ஜமுக்காளம் துவைப்பேன். அவ்வளவுதான்."

முன்வரிசையில் மாலதி என்று ஒரு பெண், சுவாமிமலைப் பக்கம் குட்டை வைத்திருப்பவள், இவரையே உற்றுப் பார்த்தாள்.

"எந்த மாதிரி ஜமுக்காளங்கக்கா?"

"கெட்டியா இருக்கணும். நாலா மடிச்சுக்கணும்."

"அழுக்கு எவ்வளவு இருக்கணும்?"

"எண்ணூறு மீனுக்கு அஞ்சு கிலோ."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "ஊற வைக்கணுங்களா?"

"காலைல ஊற வச்சுப் பிசைஞ்சா பகலுக்குச் சரியா இருக்கும்."

அறுபது பேரும் பையிலிருந்து பேனாவை எடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று இயக்குநர் சொன்னார். யாருக்கும் இல்லை. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு பகல் பன்னிரண்டு மணிக்கு பாபநாசத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் ரோட்டோரக் குட்டைகளில் எல்லாம் ஜமுக்காளம் துவைக்கிற சத்தம் கேட்டது. கடைகளில் ஜமுக்காளம் தீர்ந்துவிட்டது. தீவனமில்லா வளர்ப்பு முறையால் டெல்டா மக்களின் சுத்தமும் மேம்பட்டிருப்பதாக நிலையம் அறிக்கை விட்டது. மேலாய்வுக் குழு பாராட்டிவிட்டுப் போயிற்று.

அந்த அறிக்கையை நிலையத்திலேயே யாரோ முழுக்கப் படித்திருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஜீப் வந்தது. தமிழரசன் இறங்கினார். கையில் ஓர் ஆணை, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கட்டி அரக்கு. ஜமுக்காளத்தோடு கல்லுக்கு வந்த கமருன்னிஸா அங்கேயே நின்றுவிட்டார்.

"படிக்கவாக்கா?"

"படிங்க தம்பி."

துணி துவைத்தலுக்கும் மீன் வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவருகிறது. அத்தொடர்பு உறுதி செய்யப்படும்வரை மேற்படி குட்டையில் துவைத்தல் நிறுத்தி வைக்கப்படுகிறது. மீறினால் குட்டை வேதிமுறையில் தூய்மை செய்யப்படும்.

அவர் குனிந்து, துவைக்கிற கல்லில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். மீன்கள் வந்துவிட்டன. மணி அவற்றுக்குத் தெரியும். கல்லைச் சுற்றி எண்ணூறு வாய். கமருன்னிஸாவின் தோளில் ஜமுக்காளம் கனத்தது.

தமிழரசன் ரோட்டைப் பார்த்தார். ஜீப் போய்விட்டது. செருப்பைக் கழற்றினார். சட்டையோடு, கால்சட்டையோடு அப்படியே தண்ணீரில் இறங்கினார். அப்போதுதான் கமருன்னிஸா கவனித்தார். சட்டைப் பை, கால்சட்டைப் பை நான்கு, எல்லாம் உப்பியிருந்தன. தண்ணீரில் தவிடு வாசம் பரவியது.

"தம்பி, என்ன இது!"

"ஆணையில குளிக்கறதப் பத்தி ஒண்ணும் போடலக்கா. வர்ற வழியிலயே ரெண்டு தரம் படிச்சுப் பாத்துட்டேன்." அவர் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டார். "பூண்டு ரெண்டு பல்லுன்னு யூசுப் சார் கூட்டத்துல சொன்னாங்க, நான் மூணு போட்டுட்டேன். பரவால்லயா?"

"பரவால்ல."

"மணி ஆயிடுச்சுக்கா. என் கை ஈரம். நோட்டுல நீங்க எழுதிடுங்க."

கமருன்னிஸா கரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். எழுத்து கோணல் கோணலாக வந்தது. பகல் 12: நீர்ப்பரப்பில் அசைவு. காரணம்: காற்று.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முருங்கை மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.